நம் வீட்டு ஸ்கூட்டர்: பேணலும் பழுதுபார்த்தலும்

நம் குடும்பங்கள் பலவற்றின் முன்றிலில் இன்றும் ஒரு பழைய ஸ்கூட்டர் நிற்கக் காண்கிறோம். தந்தையார் பணியிலிருந்த காலத்தில் பணம் கட்டிப் பதிவுசெய்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற வண்டி அது. பிள்ளைகளைப் பள்ளிக்கும், நோயுற்றோரை மருத்துவமனைக்கும், அரிசி மூட்டையை வீட்டுக்கும், ஞாயிறன்று குடும்பம் முழுவதையும் கோவிலுக்கும் சுமந்துவந்த அவ்வண்டியை விற்க மனம் வருவதில்லை, ஓட்டுவதற்கோ அச்சமாயிருக்கிறது. தெருமுனையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் முதுமை எய்திவிட்டார். இன்றைய இளம் மெக்கானிக்குகளுள் பலர் கைப்பிடியில் கியர் மாற்றும் வண்டியைத் தொட்டே பாராதவர்கள். இந்நிலையில், வீட்டாரே கைவைத்துப் பேணவேண்டிய பகுதி எது, கைவைக்கலாகாத பகுதி எது என்பதைத் தெளிந்துகொள்வது நலம்.

இவ்வகை வண்டியின் பிறப்பிடம் இத்தாலி. இரண்டாம் உலகப் போரில் தொழிற்சாலையை இழந்த பியாஜியோ நிறுவனத்தார், 1946-ஆம் ஆண்டு பொந்தெதேரா என்னும் ஊரில் 'வெஸ்பா' என்ற ஸ்கூட்டரை உருவாக்கினர். இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி. அதனை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியியல் வல்லுநர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காது. எண்ணெய்க் கறை உடையில் படக்கூடாது, சங்கிலி இருக்கக்கூடாது, சக்கரத்தைக் காரில் கழற்றுவதுபோல் எளிதில் கழற்றவேண்டும் என்றெல்லாம் எண்ணிய அவர், எஞ்சினைப் பின்சக்கரத்தோடு ஒட்டியே வைத்தார். சக்கரங்களை விமானத்திற்போல் ஒருபக்கத் தாங்கலில் பொருத்தினார். நம் நாட்டில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் உரிமத்தோடு இவ்வண்டியைச் செய்துவந்தது. அவ்வுரிமம் 1971-இல் முடிவுற, 1972 முதல் 'சேத்தக்' என்ற பெயரில் வண்டி வெளிவந்தது. அது மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயர். பின்னர் கான்பூரிலிருந்து எல்.எம்.எல். வெஸ்பாவும் வந்தது. பழைய சேத்தக்கின் தயாரிப்பு இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே நின்றுபோயிற்று. 2020 முதல் அப்பெயரில் விற்பனையாவது மின்சார வண்டி. ஈண்டு நாம் கூறப்போவது வெஸ்பா வழியில் வந்த, சுமார் 150 சி.சி. கொண்ட இரட்டை வீச்சு எஞ்சின் வண்டிகளைப் பற்றியே. லாம்பிரெட்டா, விஜய் சூப்பர் ஆகியவற்றின் அமைப்பு சற்று வேறு.

இரட்டை வீச்சு, அதாவது டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டனுக்கும் கிராங்கிற்கும் மசகு தருவதற்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் எண்ணெயே மசகு. எனவே லிட்டர் ஒன்றுக்கு 20 மி.லி. டூ-டி எண்ணெய், அதாவது 2 விழுக்காடு, தவறாமல் கலக்கவேண்டும். 5 லிட்டருக்கு 100 மி.லி. குறைந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஓடும் வண்டியின் பின்சக்கரம் திடீரென நின்றுவிடும். அவ்வாறு நேர்ந்தால் அக்கணமே கிளட்சைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் சக்கரம் விடுபட்டு உருளும், விழாமல் தப்பலாம். இதனை வண்டியோட்டும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். 'கூட ஊற்றினால் கூடப் பாதுகாப்பு' என்று எண்ணுவாரும் உளர். மிகுதி எண்ணெய் புகையாகவும் கரியாகவும் மாறிப் பிளக்கையும் சைலன்சரையும் அடைப்பதன்றி வேறு பயன் தராது.

கிக்கரும் பிளக்கும்

காலையில் வண்டியை ஒருபக்கமாய்ச் சாய்த்து, நிமிர்த்தி, பிறகு கிக்கரை மிதிப்பது நம் நாட்டில் ஏறக்குறைய ஒரு சடங்காகவே நிலைத்துவிட்டது. சாய்ப்பதால் என்ன நேர்கிறது? கார்ப்பரேட்டரினுள் பெட்ரோலின் மட்டத்தைக் காக்கும் மிதவை நிலைமாறி, சற்று அதிகமான பெட்ரோல் உள்ளே பாய்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு அது வேண்டும்தான். ஆனால் அப்பணிக்கென்றே 'சோக்' என்ற இழுகம்பி வண்டியில் இருக்கிறது. நாள்தோறும் சாய்த்தாலன்றி ஓடாத வண்டியில் சோக்கின் கேபிள் அறுந்திருக்கும். அல்லது பெட்ரோல் வழி அடைபட்டிருக்கும். அதைச் சரிசெய்துவிட்டால் சடங்கு தேவையில்லை. சாய்த்தும் மிதித்தும் பெட்ரோல் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டால், பெட்ரோல் குழாயை மூடி, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து ஏழெட்டு முறை மிதித்தால் போதும். வியர்வை சிந்த மேலும் மேலும் மிதிப்பது கிக்கருக்கும் முழங்காலுக்கும் கேடு.

எஞ்சினின் உடல்நலத்தைக் காட்டும் கண்ணாடி ஸ்பார்க் பிளக். வலப்புற மூடியைக் கழற்றினால் அது எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. எஞ்சின் ஆறிய பின்னரே கழற்றவேண்டும். முனை காப்பித்தூளின் நிறத்தில் உலர்ந்திருந்தால் எல்லாம் நலம். கருமையாய், உலர்ந்த கரித்தூள் படிந்திருந்தால் காற்று வடிகட்டி அடைத்துள்ளது, அல்லது பெட்ரோல் மிகுதி. கருமையாய், ஈரமாய், எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் எண்ணெய் மிகுதி, அல்லது தீப்பொறி வலுவற்றது. வெளுத்திருந்தால் அதுதான் கவலைக்குரியது: பெட்ரோல் போதாமலோ, எங்கேனும் காற்றுக் கசிந்து நுழைந்தோ எஞ்சின் அளவுமீறிச் சூடேறுகிறது, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடிக்கும். கரி படிந்த பிளக்கைப் பித்தளைக் கம்பித் தூரிகையால், அது கிட்டாவிடில் பழைய பல்துலக்கியும் மண்ணெண்ணெயும் கொண்டு, துடைத்துக் காயவைக்கலாம். முனைகளுக்கிடையே உள்ள இடைவெளி 0.6 மி.மீ. அளவில் இருக்கட்டும். திரும்ப மாட்டும்போது முதலிற் கையாலேயே திருகவேண்டும். எஞ்சின் தலை அலுமினியம். ஸ்பேனரை வைத்து மரையைக் கோணலாய் முறுக்கினால் மரை அழியும், பின்பு பட்டறைதான் கதி. புதிய பிளக் ஒன்று எப்போதும் முன்பெட்டியில் இருக்கவேண்டும்.

காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை மண்ணெண்ணெயிற் கழுவி உலர்த்துதல், கார்ப்பரேட்டரின் கிண்ணத்திற் படிந்த மண்டியைத் துடைத்தல், ஜெட் என்ற சிறு துளையை ஊதிச் சுத்தம் செய்தல் ஆகியவை பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய பணிகளே. துளையில் ஊசியோ கம்பியோ விடலாகாது, துளை பெரிதாகிவிடும். கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு செய்தித்தாளின் மேல் பரப்பிவைத்தல் நல்ல பழக்கம். அதையும்விட நல்ல பழக்கம், வீட்டுக் கணக்கு நோட்டில் வண்டிக்கென ஒரு பக்கம் ஒதுக்கி, என்று என்ன மாற்றினோம் என்பதைக் கிலோமீட்டர் கணக்கோடு குறித்துவைத்தல்.

விளக்கைப் பற்றியும் ஒரு சொல். பழைய வண்டிகள் பலவற்றில் விளக்குகளுக்கு மின்சாரம் எஞ்சினின் மாக்னெட்டோவிலிருந்தே நேரே வருகிறது. அதனாற்றான் வண்டி மெதுவாய் ஓடுகையில் ஒளி மங்குகிறது. ஒரு பல்பு போய்விட்டால் அதற்குரிய மின்சாரமும் மற்றப் பல்புகளுக்குப் பாய்ந்து அவற்றையும் எரித்துவிடும். பின்விளக்கு போனதை இரண்டு நாள் கவனியாதவர் முன்விளக்கையும் இழப்பது இவ்வாறே.

நிற்க வேண்டிய வண்டி

வண்டி கிளம்பவில்லை என்றால் வீடே பரபரக்கிறது. வண்டி நிற்கவில்லை என்பதை யாரும் அவ்வளவாய்ப் பொருட்படுத்துவதில்லை. பிரேக்கை முழுதும் மிதித்தும் வண்டி பத்தடி தள்ளி நிற்பதை, 'பழைய வண்டி, அப்படித்தான்' என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். பிளக் கெட்டால் அலுவலகத்திற்குத் தாமதமாகும், அவ்வளவே. பிரேக் கெட்டால் நேர்வது வேறு. ஆகவே வீட்டாரின் கவனத்திற் பெரும்பங்கு சக்கரங்களுக்கும் பிரேக்குக்குமே உரியது என்பது நம் உறுதியான கருத்து.

வாரம் ஒருமுறை முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள். பிறகு பின்பிரேக்கை மிதித்துத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் அசையக்கூடாது. பிரேக்கை விட்டதும் சக்கரம் உரசாமல் தடையின்றிச் சுழலவேண்டும். கைப்பிடி முழுதும் உள்ளே போனபிறகே பிரேக் பிடிக்கத் தொடங்கினால், சக்கரத்தருகே கேபிளின் முனையிலுள்ள திருகை வேண்டிய அளவு திருப்பி இறுக்கலாம். அது வீட்டிலேயே செய்யத்தக்கது. இறுக்கி இறுக்கித் திருகின் எல்லை முடிந்துவிட்டதெனில் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். அதன்பின்பும் கேபிளை இழுத்துக் கட்டிச் சமாளிப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும்.

ஷூவை மாற்ற டிரம்மைக் கழற்றவேண்டும். நடுவிலுள்ள பெரிய நட்டைக் காத்து நிற்பது ஒரு சிறு பிளவு ஊசி. ஸ்ப்ளிட் பின் என்பார்கள். சில ரூபாயே பெறும் அந்த ஊசியைக் கழற்றினால், மீண்டும் மாட்டும்போது புதியதையே மாட்டவேண்டும். வளைத்து நிமிர்த்திய பழைய ஊசி எந்நேரமும் முறியும்; முறிந்தால் நட்டு தளரும்; தளர்ந்த நட்டோடு ஓடும் சக்கரத்தின் முடிவைச் சொல்லவும் வேண்டுமோ? பெரிய ஸ்பேனரும் பழக்கமும் இல்லாதவர் இப்பணியைப் பட்டறைக்கே விட்டுவிடுதல் நன்று. ஆனால் அருகே நின்று, புதிய ஊசி மாட்டப்படுகிறதா என்று பார்த்து வாருங்கள். டிரம்மினுள் சேர்ந்த தூசியை வாயால் ஊதுவது நம் பட்டறைகளில் அன்றாடக் காட்சி. பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு, புற்றுநோயும் தரவல்லது. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பொதிந்து எறிந்துவிட வேண்டும். ஷூவின் மேல் கிரீஸோ எண்ணெயோ படலாகாது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

இனி, இவ்வண்டியின் சக்கரத்திலுள்ள தனிப்பட்ட ஆபத்தைச் சொல்லவேண்டும். இதன் ரிம் ஒரே துண்டன்று. இரண்டு தட்டுகளை நட்டுகளால் பிணைத்து ஆக்கியது. சக்கரத்தில் இருவகை நட்டுகள் உள்ளன: சக்கரத்தை டிரம்மோடு பிணைப்பவை ஒருவகை, ரிம்மின் இரு தட்டுகளையும் ஒன்றோடொன்று பிணைப்பவை மற்றொருவகை. வழியிற் காற்றிறங்கி ஸ்டெப்னி மாட்டும்போது முதல்வகையை மட்டுமே கழற்றவேண்டும். காற்று நிறைந்த சக்கரத்தில் இரண்டாம் வகை நட்டுகளைத் தளர்த்தினால், உள்ளே அடைபட்ட காற்று தட்டுகளைப் பிளந்து எறியும். முகமும் கையும் சிதையும். டியூபை எடுக்க வேண்டுமானால் முதலில் வால்வின் ஊசியைக் கழற்றி, காற்று முழுதும் வெளியேறியதை டயரை அழுத்திப் பார்த்து உறுதிசெய்து, அதன்பின்னரே அந்நட்டுகளில் ஸ்பேனரை வைக்கலாம். இரண்டு வகைக்கும் வேற்றுமை தெரியாத இளைஞர் எவரும் சக்கரத்தில் கைவைக்க வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் வண்டியருகே நிறுத்தி ஒருமுறை காட்டிவிட்டாற் போதும். கழற்றுவதற்கு வண்டியைத் தரையிற் கிடத்துவோர் பெட்ரோல் குழாயை முன்னதாக மூடவேண்டும்.

டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய முன்சக்கரத்திற்கு 18 பவுண்டு. பின்சக்கரத்திற்குத் தனியாய்ச் செல்கையில் 25, இருவர் செல்கையில் 35. வண்டியோடு வந்த கையேடு இருந்தால் அதன் அளவே முடிவானது. இடப்புற மூடிக்குள் உறங்கும் ஸ்டெப்னியை ஓராண்டாகத் திறந்தே பாராதவர் பலர். வேண்டும் நேரத்தில் அதிலும் காற்றிராது. டயரின் மேடுகள் தேயாதிருப்பதைக் கண்டு ஏமாறக்கூடாது. ரப்பருக்கும் வயதுண்டு. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்திற் செய்தது என்று பொருள். பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றிவிட்டால், மேடு எவ்வளவு இருந்தாலும் அந்த டயரை மாற்றவேண்டும்.

அண்ணன் தம்பியர் இருவரும் அம்மையும் அப்பாவுமாய் நால்வர் ஒரே ஸ்கூட்டரில் வந்திறங்குவது முன்னாளில் நம் கோவில் வாசல்களிற் பழகிய காட்சி. சட்டம் ஓட்டுநரோடு ஒருவரை மட்டுமே அனுமதிக்கிறது. சட்டத்தை விடுத்தாலும், அவ்வளவு பளுவை நிறுத்தும் வலிமை அச்சிறு டிரம்களுக்கு இல்லை.

கேபிள், கியர், எண்ணெய்

கிளட்ச் கேபிள் அறுவது முன்னறிவிப்பின்றி நேர்வதன்று. கைப்பிடி முனையில் ஒவ்வோர் இழையாய் அறுந்து, பிடிப்பதற்குக் கடினமாகி, பிறகே துண்டாகிறது. இழை ஒன்று பிரிந்ததைக் கண்டவுடன் மாற்றிவிடுக. புதிய உட்கம்பியைப் பழையதன் முனையோடு சேர்த்துக் கட்டி இழுத்தால், வளைவுகளினூடே தானே வழி கண்டு வந்துவிடும். மாட்டுமுன் கேபிளைத் தொங்கவிட்டு, மேல்முனையில் காகிதத்தாற் கூம்பு கட்டி எண்ணெய் ஊற்றி ஓரிரவு விட்டுவைத்தால் உள்ளெல்லாம் எண்ணெய் இறங்கும். கிளட்ச் பிடியில் இரண்டு மி.மீ. அளவு தளர்வு இருக்கட்டும். தளர்வே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேயும்.

கைப்பிடியில் எண் 3 என்று காட்ட, வண்டி 2-இல் ஓடுகிறதா? கியர் கேபிள்கள் நீண்டுவிட்டன; அவற்றைத் திருத்தலாம். கேபிள் சரியாயிருந்தும் கியர் தானாகவே நழுவி விழுந்தால் குறை உள்ளே இருக்கிறது. கியர்களுக்குள் நகர்ந்து அவற்றைப் பூட்டும் சிறு எஃகுத்துண்டு சிலுவை வடிவிலேயே செய்யப்பட்டது. அதன் முனைகள் மழுங்கியிருக்கும். எஞ்சினை இரண்டாய்ப் பிளந்தே அதை எடுக்க முடியும். இது வீட்டுப் பணியன்று. கிராங்கின் எண்ணெய் சீல்களும் அத்தகையனவே. கியர் எண்ணெய் காரணமின்றிக் குறைந்துகொண்டே வர, சைலன்சரோ மேகம்போற் புகை கக்கினால், சீல் கிழிந்து எஞ்சின் அவ்வெண்ணெயைக் குடிக்கிறது என்று அறியலாம்.

கியர்ப்பெட்டிக்கு வேண்டியது கால் லிட்டர் அளவு எஸ்.ஏ.இ. 30 எண்ணெய். எஞ்சின் சூடாய் இருக்கும்போது அடித்திருகைக் கழற்றிப் பழையதை வடித்து, வண்டியை நேரே நிறுத்தி, ஊற்றும் துளையில் எண்ணெய் தளும்பி நிற்கும்வரை புதியதை ஊற்றவேண்டும். கிளட்ச் தட்டுகளும் அதே எண்ணெயிற்றான் மூழ்கியுள்ளன. ஆதலின் கார்களுக்குரிய கெட்டியான கியர் எண்ணெய் ஆகாது. வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு குவளை எண்ணெய் ஒரு கிணற்றையே கெடுக்கும்.

இவ்வண்டிகளை இரவில் பலகைச் சாய்வின் மீது ஏற்றி முன்னறையில் நிறுத்துவோர் பலர். அங்கேயே காலையிற் கிளப்பிச் 'சற்றுச் சூடேறட்டும்' என்று விடுவது கொடிய பழக்கம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய அறையில் உறங்குவோரை எழாமலே செய்துவிடும். வண்டியைத் தெருவுக்குத் தள்ளிச் சென்றே கிளப்புக. நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் குழாயை மூடுக. உறுப்புகளைக் கழுவப் பெட்ரோலைப் பயன்படுத்த வேண்டாம். மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதும், அதுவும் திறந்த வெளியில். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து செல்லும் தன்மையது. சமையலறை அடுப்போ, திருவுருவத்தின் முன் ஏற்றிய மெழுகுதிரியோ சில அடி தள்ளியிருந்தாலும் அதனைப் பற்றவைக்கும்.

அண்மைக்காலத்தில் ஒரு புதிய சிக்கல் எழுந்துள்ளது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் சேர்க்கப்படுகிறது. 2025-இல் அது 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். நெடுநாள் நின்றால் நீரோடு பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இக்கலவைக்கென்று செய்யப்பட்டவையல்ல. உப்பியும் இளகியும் கசியத் தொடங்கும். அவற்றை ஆண்டுக்கொருமுறை மாற்றுவது செலவாகாது. வாரம் இருமுறையேனும் ஓட்டப்படும் வண்டிக்கு இத்தொல்லை குறைவு. மாதக்கணக்கில் நிறுத்திவைக்க நேர்ந்தால் தொட்டியைக் காலியாக்கி, எஞ்சின் தானாய் அணையும்வரை ஓடவிட்டுக் கார்ப்பரேட்டரையும் வறட்டிவிடுக. பிளக்கைக் கழற்றி அத்துளையில் ஒரு தேக்கரண்டி டூ-டி எண்ணெய் விட்டு, கிக்கரை மெல்ல இரண்டு முறை அழுத்தி, பிளக்கை மாட்டி வையுங்கள். சக்கரங்கள் தரையிற் படாதவாறு கட்டையில் ஏற்றிவைத்தால் டயர் தட்டையாகாது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். வண்டி நின்றுகிடக்கும்போதே அந்நாள் கடந்துவிடாமல் கணக்கு நோட்டில் அதையும் எழுதி வையுங்கள். மீண்டும் எடுக்கும் நாளில் புதுப் பெட்ரோல் ஊற்றுமுன், பிரேக்குகள் இரண்டையும் தள்ளிப் பார்த்துவிட்டுப் பிறகு கிக்கரில் கால் வையுங்கள்.